எழுத்தும் அறிவியலும்

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனி வேளை உண்டு. தமிழ் வகுப்பில் எழுதவும் படிக்கவும் பழகுகிறோம். அறிவியல் வகுப்பில் செடி கொடிகளையும் நீரையும் காற்றையும் பற்றி அறிகிறோம். பள்ளி ஒழுங்காக நடைபெறும் பொருட்டு ஏற்பட்ட பகுப்பு இது. ஆனால் நாளடைவில் அது நம் எண்ணத்தையும் பகுத்துவிட்டது. எழுத்தறிவு ஊட்டுவது மொழிப்பாடத்தின் கடமை, இயற்கையை அறிவிப்பது அறிவியல் பாடத்தின் கடமை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லை என்று பலரும் கருதுகின்றனர். உயர்ந்த வகுப்புகளுக்கு இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். தொடக்கப்பள்ளிக்குச் சிறிதும் பொருந்தாது.

தறியில் பாவு நீளவாட்டில் ஓடுகிறது; ஊடை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் வெவ்வேறு நூல்களே. எனினும் ஒன்று மற்றொன்றைப் பற்றிக்கொண்டால் அல்லாமல் துணி உண்டாவதில்லை. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தையின் கல்வியும் இத்தகையதே. எழுத்தறிவு வளர்வதற்கு ஏற்ற களம் அறிவியல் வகுப்பு. அறிவியல் அறிவு நிலைபெறுவதற்கு ஏற்ற கருவி எழுத்து. இவ்விரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே மெலியும். இதனைச் சில சான்றுகளால் காண்போம்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் செல்வோர் அப்பகுதியில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைவதைக் காணலாம். மணிலா என்பது நிலக்கடலை. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், கடல் கடந்து பல நாடுகளுக்குப் பரவிய பின்னர் நம் நாட்டை அடைந்தது. பிலிப்பைன்சுத் தீவுகளின் தலைநகராகிய மணிலாவின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. மணிலாக்கொட்டை என்னும் அப்பெயரே இப்பகுதி மக்களின் வாயில் மல்லாட்டை என மருவி வழங்குகிறது. பாடநூலில் நிலக்கடலை, கடையில் வேர்க்கடலை, வீட்டில் மல்லாட்டை. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள்! ஒரு சிற்றூர்க் குழந்தை இப்பெயர்களை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்குமாயின், அது மொழிப்பாடமா, அறிவியற்பாடமா? இரண்டும் ஆகும்.

அப்பெயர்களுள் ஒன்று நம்மை மயக்கவும் கூடும். வேர்க்கடலை என்ற சொல்லைக் கேட்ட குழந்தை, கடலை வேரில் காய்க்கிறது என்று எண்ணிக்கொள்ளும். உண்மை வேறு. விதைத்த ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் செடியில் மஞ்சள் நிறப் பூக்கள் மலர்கின்றன. பூ வாடிய பின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற தண்டு ஒன்று நீண்டு, வளைந்து, மண்ணை நோக்கி இறங்குகிறது. உழவர் இதனை விழுது என்பர். விழுதின் நுனி மண்ணுக்குள் புகுந்த பின்னரே அது பருத்துக் காயாகிறது. பூப்பது மேலே, காய்ப்பது கீழே. ஆதலின் நாம் உண்ணும் கடலை வேரும் அன்று, வேரில் விளைந்ததும் அன்று. பூவிலிருந்து தோன்றிய கனியின் விதையே அது.

இச்செய்தியைத் தொடக்கப்பள்ளியில் இரண்டு வழிகளில் கற்பிக்கலாம். நிலக்கடலை மண்ணுக்கடியில் காய்க்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதனைப் பத்து முறை எழுதிவருமாறு பணிப்பது ஒரு வழி. குழந்தை எழுதும், ஒப்பிக்கும், தேர்வு முடிந்ததும் மறக்கும். அதனால் எழுத்துப் பழக்கம் உண்டாயிற்றே என்று கூறலாம். கை பழகியது உண்மை, கருத்துப் பழகவில்லை.

மற்றொரு வழி இது. பள்ளித் தோட்டத்தில் பத்துக் கடலைகளை ஊன்றுகிறார்கள். செடி பூத்ததும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பூவின் அருகே நூல் கட்டி அடையாளம் செய்கிறது. நாள்தோறும் சென்று பார்க்கிறது. பூ வாடியது; ஊசி போன்று ஒன்று வெளிப்பட்டது; அது வளைந்தது; மண்ணைத் தொட்டது. கண்டதைக் குழந்தை தன் தோழரிடம் சொல்கிறது. பிறகு தேதியிட்டு ஏட்டில் ஒரு வரி எழுதுகிறது. ஒரு சிலர் விழுது மண்ணில் இறங்காதபடி அதன் கீழே ஓட்டுத்துண்டு ஒன்றை வைக்கின்றனர். சில வாரங்களுக்குப் பின், இறங்கிய விழுது காயாகியிருப்பதையும், தடுக்கப்பட்ட விழுது காய்க்காமல் வாடியிருப்பதையும் ஒப்பிட்டுக் காண்கின்றனர். அதன் பிறகே பாடநூலைத் திறக்கின்றனர். தாம் கண்டதை நூல் எவ்வாறு கூறுகிறது, தாம் காணாதது நூலில் யாது உள்ளது என்று ஆர்வத்தோடு படிக்கின்றனர்.

காணுதல், சொல்லுதல், எழுதுதல், படித்தல் என்னும் இந்த நான்கு படிகளும் ஒரே பாடத்தில் அமைந்திருப்பதை நோக்குக. இவற்றுள் முதலாவது மட்டுமே அறிவியலுக்கு உரியது, ஏனைய மூன்றும் மொழிக்கு உரியவை என்று யாரேனும் கூற இயலுமா?

இவ்வழியால் மொழி பெறும் பயனை முதலில் ஆராய்வோம். குழந்தைகள் எழுதத் தயங்குவதற்கு எழுத்துத் தெரியாமை மட்டும் காரணம் அன்று; எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமையும் காரணம். பசுவைப் பற்றி ஐந்து வரி எழுதுக என்றால், நூலில் உள்ள ஐந்து வரிகளே எல்லா ஏடுகளிலும் இடம்பெறுகின்றன. தான் நூல் கட்டிய பூவைப் பற்றி எழுதும்போதோ, ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்வதற்குத் தனிச்செய்தி உண்டு. என் பூவின் விழுது இரண்டு விரற்கடை நீண்டது. அவள் பூவில் விழுதே வரவில்லை. இவ்வாறு எழுதும் குழந்தை பிறர் வாக்கியத்தைப் படி எடுக்கவில்லை; தன் வாக்கியத்தைத் தானே ஆக்குகிறது. எழுத்தறிவு பிறக்கும் இடம் இதுவே.

அன்றியும், அறிவியல் சொற்செட்டைக் கற்பிக்கிறது. செடி பெரிதாக வளர்ந்தது என்று ஒரு குழந்தை எழுதினால், எவ்வளவு பெரிது என்று ஆசிரியர் வினவுவார். குழந்தை அளவுகோலை எடுத்து அளக்கும், 12 செ.மீ. என்று திருத்தும். நிறையக் காய்கள் என்பது 14 காய்கள் என மாறும். சில நாள் கழித்து என்பது ஏழாம் நாள் என மாறும். ஆகவே, ஆதலால், ஆயினும் முதலிய இணைப்புச் சொற்கள் இலக்கணப் பாடத்தில் வறண்டு கிடப்பவை. ஓட்டுத்துண்டு தடுத்தது, ஆதலால் விழுது காய்க்கவில்லை என்று எழுதும்போது அவை உயிர் பெறுகின்றன. காரணமும் விளைவும் கண்ணெதிரே இருப்பதால், அவற்றைப் பிணைக்கும் சொல்லின் ஆற்றல் குழந்தைக்கு உள்ளங்கை நெல்லிக்கனியெனப் புலப்படுகிறது.

இனி, எழுத்தால் அறிவியல் பெறும் பயன் யாது? இயற்கையின் செயல்கள் பலவும் மெல்ல நிகழ்பவை. விதை முளைப்பது ஒரு நாளில் முடிவதன்று. நிலவு தேய்ந்து வளர்வதும் ஒரு நாளில் காணக்கூடியதன்று. நேற்றுக் கண்டதை இன்று கண்டதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் விளங்கும். நேற்றுக் கண்டதை நினைவு சிதைத்துவிடும். எழுத்து காத்து வைக்கும். எனவே, குறிப்பேடு இல்லாத அறிவியல் கரை இல்லாத ஏரியை ஒக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே நீர் தங்குவதில்லை.

ஆராய்ச்சியாளர் செய்வதும் இதுவே. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. டி.எம்.வி. என்னும் மூன்று எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை வகைகளை உழவர் நன்கு அறிவர். அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 2, 1967ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 7 ஆகியவை தமிழ்நாட்டுக்கு அப்பாலும் பயிரிடப்பட்டவை. ஒரு புதிய வகை ஓர் இரவில் தோன்றிவிடுவதில்லை. பல பருவங்களில், பல வரிசைகளில், செடி செடியாக நோக்கி, எத்தனை நாளில் பூத்தது, எத்தனை காய் பிடித்தது, எந்த நோயைத் தாங்கியது என்று எழுதி வைத்து ஒப்பிட்ட பின்னரே நல்ல வகை தேர்ந்தெடுக்கப்படுகிறது. பூவில் நூல் கட்டிய குழந்தையின் ஏடும் ஆராய்ச்சி நிலையத்தின் பதிவேடும் அளவில் வேறுபட்டவை, தன்மையில் ஒன்றே.

எழுத்து நினைவைக் காப்பதோடு நிற்பதில்லை, சிந்தனையையும் தெளிவாக்குகிறது. இதற்குத் திண்டிவனத்தின் தெற்கே, வானூர்ப் பகுதியில் உள்ள திருவக்கரை சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஐரோப்பிய இயற்கை நூலறிஞராகிய சொன்னெரா 1781ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றிக் குறித்துள்ளார். இந்திய நிலப்பொதியியல் துறை அவ்விடத்தைத் தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாத்து வருகிறது. தொட்டால் கல்; பார்த்தால் மரம். நார்களின் ஓட்டமும் சில துண்டுகளில் ஆண்டு வளையங்கள் போன்ற கோடுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஒரு வகுப்பு மாணாக்கர் அங்கே சென்றனர் என்று கொள்வோம். ஏட்டின் ஒரு பக்கத்தில் கண்டவை என்றும், எதிர்ப்பக்கத்தில் கருதியவை என்றும் தலைப்பிட்டு எழுதுமாறு ஆசிரியர் கூறுகிறார். கிளைகள் இல்லை; இலைகள் இல்லை; வேர்கள் இல்லை; மரங்கள் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடக்கின்றன. இவை கண்டவை. இம்மரங்கள் இவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல. பழங்காலத்து வெள்ளம் அடித்து வந்து, கிளையும் வேரும் தேய்ந்து, மணலில் புதைந்தவையாகலாம். இது கருதியது. அறிஞர் கொண்ட முடிபும் இதுவே. புதைந்த மரத்தினுள் மணற்சத்து கரைந்த நீர் புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தைச் சிறுகச் சிறுகக் கற்பொருள் பற்றிக்கொண்டதால் மரத்தின் வடிவம் கல்லில் நிலைத்தது.

அக்கற்கள் அசுரனின் எலும்புகள் என்னும் கதையும் வழங்கியதுண்டு. அக்கதையை எள்ளி நகையாடுதல் வேண்டா. வியப்பைக் கண்ட நம் முன்னோர் அதற்கு ஒரு விளக்கம் தேடினர் என்பதை அது காட்டுகிறது. அதனை ஏட்டின் மூன்றாம் பக்கத்தில் கேட்டவை என்னும் தலைப்பின்கீழ் எழுதலாம். கண்டது எது, கேட்டது எது, கருதியது எது என்று பிரித்து எழுதக் கற்ற குழந்தை, அறிவியலின் உயிர்நிலையைக் கற்றுவிட்டது. அப்பழக்கம் அதற்கு வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். வதந்தியையும் விளம்பரத்தையும் கைப்பேசியில் பரவும் செய்தியையும் அது எளிதில் நம்பிவிடாது.

எழுத்தும் அறிவியலும் இணைந்த பெருவாழ்வுகள் உலக வரலாற்றிலும் உண்டு. ஆலந்து நாட்டில் டெல்பிட்டு என்னும் ஊரில் லேவன்ஹூக் என்ற துணி வணிகர் இருந்தார். அக்காலத்து அறிஞர் இலத்தீன் மொழியில் எழுதினர். அவரோ தம் தாய்மொழியாகிய டச்சு மட்டுமே அறிந்தவர். தாமே தேய்த்த சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே நீர்த்துளியை நோக்கி, அதில் நுண்ணுயிர்கள் திரிவதைக் கண்டார். மணலின் ஒரு துகளோடு ஒப்பிட்டு அவற்றின் அளவைக் கூறினார். 1676ஆம் ஆண்டில் இதனை விளக்கி இலண்டன் அரசக் கழகத்திற்குக் கடிதம் எழுதினார். முதலில் நம்பாதவர்களும் இருந்தனர். மறு ஆண்டு இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாமும் அவ்வாறே ஆராய்ந்து, அவர் எழுதியது உண்மை என உறுதி செய்தார். லேவன்ஹூக் கண்டதோடு நின்றிருந்தால் அவர் கண்டது அவரோடு மறைந்திருக்கும். எளிய தாய்மொழியில் எழுதினமையால் அது உலகின் உடைமையாயிற்று.

மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளியில் எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கும் கற்றதற்கு மேல் அவருக்கு வாய்ப்பு இல்லை. பதினான்காம் வயதில் நூல் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படித்தார்; படித்ததைத் தம் கையால் செய்து பார்த்தார். 1812ஆம் ஆண்டில் அம்பிரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தெளிவாக எழுதி, படங்கள் வரைந்து, தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். 1831ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின்னாக்கிகளுக்கு அடிப்படையாயிற்று. ஆய்வுக்கூடத்தின் கதவை அவருக்குத் திறந்துவிட்டது அவர் கைப்பட எழுதிய ஒரு குறிப்பேடு!

இக்கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதலில் எழுத்தைக் கற்கட்டும், அதன் பிறகு அறிவியலைக் கற்கலாம் என்பர் ஒரு சாரார். படிக்கத் தெரியாத குழந்தைக்கு அறிவியல் எதற்கு என்பது அவர்தம் வினா. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்பிருந்த விழுப்புரம் மாவட்டத்திலோ ஏறத்தாழ 72 பேர். பின்னர்க் கொரோனா நோய்ப்பரவலால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபோது, கற்ற எழுத்தையும் பல குழந்தைகள் மறந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டு 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க விழா மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் நடைபெற்றது. ஊர் இளைஞர்களும் மகளிரும் மாலை வேளைகளில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். மறு ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டமும் வந்தது. எழுத்தறிவுக்கு முதலிடம் தர வேண்டியது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆயினும், முதலிடம் என்பது தனியிடம் ஆகாது. மரக்காணத்தில் உப்பளங்கள் உள்ளன. உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சினால், கதிரவன் வெம்மையில் நீர் ஆவியாகி உப்பு எஞ்சுவதை அப்பகுதிக் குழந்தைகள் அறிந்தே வளர்கின்றனர். அக்குழந்தைக்கு உப்பு என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கற்பிக்கும்போது, ஒரு கிண்ணத்தில் உப்புநீரை வெயிலில் வைத்துக் காட்டினால் என்ன தீங்கு? நீர் எங்கே போயிற்று என்று கேட்டால், குழந்தை விடை கூற முந்தும். கூறியதை ஆசிரியர் கரும்பலகையில் அப்படியே எழுதுவார். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் எழுத்து வடிவில் நிற்பதைக் கண்ட குழந்தை, அதனை ஆவலோடு படிக்கும். எழுத்து வரும்வரை அறிவியல் காத்திருக்க வேண்டும் என்பது, நீந்தக் கற்கும்வரை ஆற்றில் இறங்காதே என்பதை ஒக்கும்.

எழுத்தில் பின்தங்கிய குழந்தைக்கே இம்முறை பெரிதும் தேவை. படிக்கத் தடுமாறுகிறது என்பதற்காக அக்குழந்தையைத் தோட்டத்திற்கும் ஆய்வுக்கும் அனுப்பாமல், எழுத்துப் பயிற்சியையே மேலும் மேலும் தருகிறோம். தனக்கு ஒன்றும் தெரியாது என்னும் எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. ஆனால் அதே குழந்தை வயலில் பழகியிருக்கும். விழுது இறங்கும் பருவம் எது, மண் அணைப்பது எப்போது என்று வகுப்பில் முதலாவதாக வருபவனுக்கே சொல்லித்தரும். அவ்வறிவுக்கு மதிப்பளித்து, அதன் வழியே எழுத்தைக் கொண்டுவருவது அன்றோ நேரிய முறை? மல்லாட்டை என்று குழந்தை எழுதினால் அதனைத் தவறென அடித்தல் வேண்டா. அதன் அருகே நிலக்கடலை என எழுதிக் காட்டுக. வீட்டுச் சொல் நூற்சொல்லுக்குப் பாலமாகட்டும்.

மற்றொரு மறுப்பும் உண்டு. எழுத்தைச் சேர்த்தால் அறிவியல் வகுப்பு வெறும் படிப்பு வகுப்பாகிவிடும் என்று அஞ்சுவர் சிலர். இவ்வச்சம் நியாயமானதே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சுரைக்கொடியைக் காணாமலே சுரைக்காயைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவிப்பது எழுத்தையும் கெடுக்கும், அறிவியலையும் கெடுக்கும். ஆதலால் முறையை மாற்றுதல் ஆகாது. முதலில் பொருள், பிறகு பேச்சு, அதன் பிறகே எழுத்து. பொருளைக் காணாத எழுத்துக்கு அறிவியல் வகுப்பில் இடமில்லை என்பதை விதியாகக் கொண்டால் இவ்வச்சம் நீங்கும்.

ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் சிற்றூர்ப் பள்ளியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்கலாம். உண்மையில், இம்முறை நேரத்தை மிச்சப்படுத்துவது. ஒரே செடியை எல்லா வகுப்பினரும் காணலாம். முதல் வகுப்புக் குழந்தை அதனைப் படமாக வரைந்து பெயரை எழுதும். மூன்றாம் வகுப்பு மாணவி இரண்டு வாக்கியம் எழுதுவாள். ஐந்தாம் வகுப்பு மாணவன் அளந்து பட்டியலிட்டுக் காரணம் எழுதுவான். ஒரு பாடவேளையில் மொழியும் அறிவியலும் கணக்கும் நடைபெறுகின்றன.

இது நம் நாட்டுக்குப் புதிய கருத்தும் அன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து குழந்தைகளுக்கும் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பெ.நா. அப்புசாமி அறிவியலை இனிய எளிய தமிழில் எழுதிக்காட்டினார். 1980ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழை நடத்தியது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஈடுபட்டு, முதியோர்க்கு எழுத்தறிவு ஊட்டவும் முன்வந்தது. அறிவியலைப் பரப்பப் புறப்பட்டவர்கள் எழுத்தைக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டது தற்செயல் அன்று. ஒன்றில்லாமல் மற்றொன்று மக்களிடம் வேர்கொள்ளாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

எழுத்தும் அறிவியலும் இணைந்த அறிவு வாழ்க்கைக்கு எவ்வளவு தேவை என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. 50 செ.மீ. என்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பது எளிது. அதன் பொருளை உணர்வது அறிவியல். ஓர் ஏக்கர் நிலத்தில் 50 செ.மீ. மழை பெய்தால், அங்கே விழுந்த நீர் ஏறத்தாழ 20 இலட்சம் லிட்டர் ஆகும். இதனை அறிந்தவரே எச்சரிக்கையைப் படித்தவுடன் மேட்டு நிலம் நோக்கிச் செல்வர். எச்சரிக்கையைப் படிக்க இயலாதவருக்கும் இடர். படித்தும் பொருள் உணராதவருக்கும் இடர். பூச்சிமருந்துப் புட்டியின் மேல் உள்ள குறிப்பு, மருத்துவர் தரும் சீட்டு, மின்கம்பத்தில் தொங்கும் பலகை ஆகிய அனைத்தும் எழுத்தும் அறிவியலும் கலந்தவையே. வாழ்க்கை அவ்விரண்டையும் பிரித்து வைக்கவில்லை. பள்ளி மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

மாணவர்களே! நீங்கள் தொடக்கப்பள்ளியைக் கடந்து வந்துவிட்டீர்கள். ஆயினும் உங்கள் தம்பியரும் தங்கையரும் அங்கே பயில்கின்றனர். அவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க நீங்கள் மாலையில் அமரும்போது, ஏட்டை மட்டும் விரிக்காதீர்கள். தெருவில் செல்லும் எறும்பு வரிசையைக் காட்டுங்கள். கூரை நீர் விழும் இடத்தில் ஒரு குவளையை வைத்து, அதில் நிறைந்த நீரை அளக்கச் செய்யுங்கள். கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எழுதச் செய்யுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பின்னர்த் திருத்தலாம். கண்டதை எழுதும் துணிவே முதலில் வேண்டுவது. நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் கருதியதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். உண்மையைக் காணும் கண்ணும் கண்டதைத் திருத்தமாக உரைக்கும் மொழியும் ஒருங்கே பெற்றவரே கற்றவர் ஆவர்.